மரமே எதிராளி

புனே உடற்பயிற்சிக் கூடங்களில் சிறுவர்கள் கம்பத்திலே தலைகீழாகத் தொங்குவதைக் கண்டு நம் தாய்மார் அஞ்சுவதுண்டு. மல்லகம்பம் என்னும் அக்கலை 12ஆம் நூற்றாண்டு நூலாகிய மானசோல்லாசத்திலேயே குறிக்கப்பெற்றது. பின்னர் மங்கிய அதற்கு மீண்டும் உயிரூட்டியவர், கடைசிப் பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் உடற்பயிற்சி ஆசானாகிய பாலம்பட்டதாதா தேவ்தர்.

ஐதராபாத்திலிருந்து வந்த அலி, குலாப் என்னும் மல்லர்கள் அறைகூவியபோது எவரும் முன்வரவில்லையாம். இளைஞரான தேவ்தர் தவணை கேட்டு, மரக்கம்பத்தையே எதிராளியாகக் கொண்டு பிடிகளைப் பழகி, அலியை வீழ்த்தினார் என்பர். கதையில் மிகை இருக்கலாம், முறையில் இல்லை. ஆமணக்கெண்ணெய் தடவிய வழுக்கு மரத்தைத் தொடையாலும் கையாலும் கவ்வப் பழகியவனுக்கு, வியர்த்த உடலைப் பற்றுதல் அரிதன்று. மேலும், மரம் களைப்பதில்லை!

1818இல் ஆட்சி இழந்த பேஷ்வா கங்கைக்கரைப் பிட்டூருக்குச் சென்றார். கலையும் உடன் சென்றது. நம் விழுப்புரத்துச் சிறுவர்கள் ஏறும் மல்லர் கம்பமும் இவ்வினத்ததே.