பாட்டுப் பெட்டி ஏன் முனகுகிறது?

கிடர்பூர், கொல்கத்தா நகரின் துறைமுகப் பகுதி. பக்கத்தில் ஹூக்ளி ஆறு ஓடுகிறது. இங்கே ஃபேன்ஸி மார்க்கெட் என்ற கடைவீதி இருக்கிறது. வெளிநாட்டுச் சாமான்களுக்குப் பெயர் பெற்ற இடம் அது. துணி, கடிகாரம், பாட்டுப் பெட்டி என்று பலவும் அங்கே விற்கும்.

ஆசைப்பட்டு வாங்கிய பாட்டுப் பெட்டி வீட்டுக்கு வருகிறது. ஸ்விட்சைப் போட்டதும் பாட்டு கேட்கிறது. கூடவே "ம்ம்ம்..." என்று ஓர் இரைச்சலும் கேட்கிறது. பாட்டை நிறுத்தினாலும் இரைச்சல் நிற்பதில்லை. மெக்கானிக்குகள் இதை "ஹம்மிங்" என்பார்கள். கிடர்பூர் வீட்டிலும் இது வரும். மதுரை வீட்டிலும் வரும்.

இந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது? இதை எப்படி நிறுத்துவது?

மின்சாரத்தின் ஆட்டம்

கொல்கத்தாவில் 1899-ஆம் ஆண்டு மின்சார விநியோகம் தொடங்கியது. அப்போது வந்தது டி.சி. மின்சாரம். அது ஒரே திசையில் ஓடும். இன்று வீடுகளுக்கு வருவது ஏ.சி. மின்சாரம். அது ஊஞ்சல் போல முன்னும் பின்னும் ஆடும். நம் நாட்டில் அது ஒரு நொடியில் 50 முறை ஆடுகிறது. இந்த ஆட்டம் பாட்டு வரும் பாதையில் புகுந்தால், ஸ்பீக்கரும் அதே போல ஆடும். அந்த ஓசைதான் "ம்ம்ம்".

பாட்டுப் பெட்டிக்கு உள்ளே தேவைப்படுவது டி.சி. மின்சாரம். அதனால் பெட்டி ஏ.சி.யை டி.சி.யாக மாற்றிக்கொள்கிறது. மாற்றியதும் அது சீராக இருக்காது. அடிபம்பில் தண்ணீர் விட்டு விட்டுக் கொட்டுவது போல வரும். அடிபம்புத் தண்ணீரைத் தொட்டியில் நிரப்பிக் குழாயைத் திறந்தால் சீராக வரும் அல்லவா? பெட்டிக்குள் அந்தத் தொட்டி வேலையைச் செய்வது கண்டென்சர். நாளாக ஆக கண்டென்சர் வலுவிழக்கும். அப்போது மின்சாரம் சீராக வராது. இரைச்சல் கேட்கும்.

கோளாறு எங்கே?

முதலில் ஒலியைக் கூட்டும் திருகைக் குறைத்துப் பாருங்கள். முழுவதும் குறைத்த பிறகும் இரைச்சல் அப்படியே இருக்கிறதா? கோளாறு பெட்டிக்குள் இருக்கலாம். பெரும்பாலும் கண்டென்சர்தான் காரணம். இதை மெக்கானிக்தான் மாற்ற வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் மின்சாரம் தங்கி நிற்கும். தொட்டால் ஷாக் அடிக்கும். ஆகவே பெட்டியை வீட்டில் திறக்கக் கூடாது.

திருகைக் குறைத்தால் இரைச்சலும் குறைகிறதா? அப்படியானால் அது வெளியிலிருந்து உள்ளே வருகிறது. பாட்டைக் கொண்டுவரும் ஒயரைப் பாருங்கள். அந்த ஒயரின் நடுவில் ஒரு மெல்லிய கம்பி இருக்கும். அதைச் சுற்றி வலை போல இன்னொரு கம்பி இருக்கும். வலை அறுந்திருந்தாலோ, முனை தளர்ந்திருந்தாலோ இரைச்சல் புகுந்துவிடும். அந்த ஒயரை மாற்றினால் போதும். விலை குறைவுதான். பாட்டு ஒயரையும் கரண்ட் ஒயரையும் ஒன்றாகச் சுற்றி வைக்காதீர்கள். தள்ளித் தள்ளி வையுங்கள்.

டி.வி.யின் சத்தத்தையும் சிலர் ஆம்ப்ளிஃபயர் வழியாகக் கேட்பார்கள். அப்போது இன்னொரு காரணமும் உண்டு. ஆம்ப்ளிஃபயருக்கு அதன் பிளக் வழியாக எர்த் இருக்கும். கேபிள் டி.வி. ஒயருக்கு வெளியே வேறோர் இடத்தில் எர்த் இருக்கும். மண்ணுக்குப் போக இரண்டு பாதைகள் ஆகிவிட்டன. இரண்டுக்கும் நடுவே சிறிதளவு மின்சாரம் சுற்றி ஓடும். அது பாட்டு ஒயர் வழியாகவும் ஓடும். ஆம்ப்ளிஃபயருக்குப் பாட்டு எது, இரைச்சல் எது என்று தெரியாது. இரண்டையும் பெரிதாக்கிவிடும்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. எல்லா பிளக்குகளையும் பிடுங்குங்கள். கேபிள் ஒயரை மட்டும் கழற்றிவிட்டு, மறுபடி பிளக்குகளைச் செருகுங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் காரணம் அதுதான். கேபிள் ஒயரின் நடுவே மாட்டும் ஐசொலேட்டர் என்ற சிறு கருவி உண்டு. கேபிள்காரரிடமோ மெக்கானிக்கிடமோ கேட்டு அதை மாட்டலாம். டி.வி., ஆம்ப்ளிஃபயர் இரண்டையும் ஒரே ஸ்விட்ச் போர்டில் இணைத்தாலும் இரைச்சல் குறையும்.

இதை மட்டும் செய்யாதீர்கள்

சிலர் குறுக்கு வழி சொல்வார்கள். "மூன்று பின் பிளக்கில் பெரிய பின்னை வெட்டிவிடு. இரைச்சல் நின்றுவிடும்" என்பார்கள். சில சமயம் இரைச்சல் நிற்கும். ஆனால் உயிருக்குக் காவலும் அத்தோடு போய்விடும்.

அந்தப் பெரிய பின்தான் எர்த். மற்ற இரண்டையும் விட அது நீளம், பருமன். செருகும்போது முதலில் தொடுவது அது. எடுக்கும்போது கடைசியில் விடுவதும் அது. பெட்டிக்குள் ஒரு ஒயர் தேய்ந்து இரும்பு உடலைத் தொட்டால், மின்சாரம் எர்த் வழியாக மண்ணுக்குப் போகும். ஃபியூஸ் போகும், மனிதர் பிழைப்பார். எர்த் இல்லாவிட்டால் அந்த மின்சாரம் பெட்டியைத் தொடும் ஆளின் உடல் வழியாகப் போகும். கொல்கத்தாவில் மழைக்காலத்தில் பல தெருக்களில் தண்ணீர் தேங்கும். வீட்டுத் தரையும் ஈரமாகும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவருக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறதா? உடனே மெயின் ஸ்விட்சை அணைத்து, எலக்ட்ரீஷியனை அழையுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வெளிநாட்டுப் பெட்டி என்றால்

வாங்கும் முன் பெட்டியின் பின்புறம் எழுதியிருப்பதைப் படியுங்கள். நம் நாட்டில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஜப்பானில் 100 வோல்ட். அமெரிக்காவில் 120 வோல்ட். 100 என்று மட்டும் எழுதிய பெட்டியை இங்கே நேராகச் செருகினால் கருகிவிடும். அதற்கு மின்சாரத்தைக் குறைத்துத் தரும் டிரான்ஸ்பார்மர் வேண்டும். "100-240" என்று எழுதியிருந்தால் கவலை இல்லை.

அமெரிக்காவில் மின்சாரம் நொடிக்கு 60 முறை ஆடுகிறது. 60 என்று மட்டும் எழுதிய பெட்டியின் டிரான்ஸ்பார்மர், இங்கே அதிகமாகச் சூடாகலாம். அதுவே முனகவும் செய்யலாம். பின்புறத்து எண்ணைப் படித்த பிறகு காசைக் கொடுப்பது நல்லது.

நினைவில் கொள்வோம்

• திருகைக் குறைத்துப் பார்த்தால் கோளாறு உள்ளேயா வெளியேயா என்று தெரியும்.
• பாட்டு ஒயரையும் கரண்ட் ஒயரையும் தள்ளி வைக்க வேண்டும்.
• பெட்டியைத் திறப்பது மெக்கானிக்கின் வேலை.
• இரைச்சல் காதுக்குத் தொல்லை. எர்த் இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து. எர்த் பின்னை ஒருபோதும் வெட்டக் கூடாது.

பேசிப் பார்ப்போம்

1. உங்கள் வீட்டில் மூன்று பின் பிளக் எந்தெந்தச் சாமான்களுக்கு இருக்கிறது?
2. எந்தப் பிளக்கிலாவது பெரிய பின் உடைந்திருக்கிறதா? அதை யாரிடம் சொல்லி மாற்றுவீர்கள்?