ஒலி உண்டு, வழி இல்லை

வீட்டு ஸ்டுடியோ பார்வையற்ற இசைக் கலைஞர்களுக்குச் சுதந்திரம் தந்தது. கூடவே ஒரு புதுப் பூட்டையும்.

‘சித்சோர்’ (1976) படப் பாடலுக்காக யேசுதாஸ் தேசிய விருது வாங்கினார். 1987-ல் நாடே தூர்தர்ஷன் முன் அமர்ந்து ‘ராமாயண்’ பார்த்தது. இரண்டுக்கும் இசை ரவீந்திர ஜெயின். அலிகாரில் பார்வையின்றிப் பிறந்து மும்பையில் கொடிகட்டிப் பறந்து 2015-ல் மறைந்தவர். அந்தக் கால ஒலிப்பதிவுக் கூடத்தில் புல்லாங்குழல் வேண்டுமென்றால் குழல்காரரிடம் சொன்னால் போதும். இசையமைப்பாளருக்கும் வாத்தியத்துக்கும் நடுவே இருந்தது மனிதக் குரல்.

இன்று நடுவே இருப்பது கம்ப்யூட்டர் திரை. ஒரு லேப்டாப், சின்ன கீபோர்டு, ஹெட்ஃபோன் இருந்தால் தாராவியின் பத்துக்குப் பத்து அறையும் ஸ்டுடியோதான். நிஜக் கலைஞர்கள் வாசித்துப் பதிவான வயலினும் தபேலாவும் விரல் பட்டதும் ஒலிக்கின்றன. ஆனால், ஆயிரம் ஒலிகளில் எது எங்கே இருக்கிறது என்பதைத் திரைதான் சொல்கிறது.

விந்தை என்னவென்றால், இத்தகைய தத்ரூபமான ஒலிகளுக்கு வித்திட்டவர்களில் ஒருவரே பார்வையற்றவர். அமெரிக்கப் பாடகர் ஸ்டீவி வொண்டர், ரேமண்ட் கர்ஸ்வைல் 1976-ல் உருவாக்கிய புத்தகம் படிக்கும் இயந்திரத்தை வாங்கினார். நிஜ வாத்தியங்களின் ஒலியை மின்கருவியில் கொண்டுவர முடியாதா என்று அவர் கேட்டதன் விளைவாக 1982-ல் கர்ஸ்வைல் இசைக்கருவி நிறுவனம் தொடங்கினார். 1984-ல் வந்த ‘கே250’, கிராண்ட் பியானோவை நம்பும்படி ஒலித்த முதல் மின்கருவிகளில் ஒன்று.

அடுத்து வந்த கீபோர்டுகளில் விரலுக்குப் பட்டன் இருந்தது, மனதுக்கு எண் இருந்தது. 1991-ல் வகுக்கப்பட்ட ‘ஜெனரல் மிடி’ முறையில் 128 ஒலிகள். 1 பியானோ, 41 வயலின், 74 புல்லாங்குழல், 105 சிதார், 112 ஷெனாய். மனப்பாடம் செய்துகொண்டால் போதும். நாகஸ்வரம், வீணை, மிருதங்கம் மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை.

இன்றைய ஒலித் தொகுப்புகளின் சிக்கல் வேறு. திரையிலுள்ள எழுத்தைப் பேச்சாக்கும் ‘ஸ்கிரீன் ரீடர்’ படத்தைப் படிக்காது. பல தொகுப்புகளின் குமிழ்களும் பெயர்களும் வெறும் படமாக வரையப்பட்டவை. வயலின் அற்புதமாக ஒலிக்கும். அதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால் கம்ப்யூட்டர் மௌனம் சாதிக்கும்.

எனவே வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஒலி நிஜம்போல் இருக்கிறதா என்பதல்ல. அதன் பெயர் காதில் விழுகிறதா என்பதுதான். விண்டோஸில் என்விடிஏ என்ற இலவச ஸ்கிரீன் ரீடர் உண்டு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற மைக்கேல் கரன் 2006-ல் தொடங்கியது. அதில் கூட்டாளியாக இருந்த ஜேம்ஸ் டே, ‘ரீப்பர்’ ஒலிப்பதிவு மென்பொருளுக்காக எழுதிய இலவச இணைப்பு ‘ஒசாரா’. இவை சேர்ந்தால், படமாக இருக்கும் குமிழ்களும் பட்டியலாகப் படிக்கப்படும். இதிலும் ஏமாற்றம் உண்டு. சில தொகுப்புகளில் பெயருக்குப் பதில் ‘001’, ‘002’ என்ற எண்களே வரும். மாதிரிப் பதிப்பில் சோதிக்காமல் காசைக் கொடுக்கக் கூடாது.

மேக் கம்ப்யூட்டரில் வாய்ஸ்ஓவரும் கராஜ்பேண்டும் தனி விலையின்றிக் கிடைக்கின்றன. நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ‘கம்ப்ளீட் கன்ட்ரோல்’ கீபோர்டுகளில் குமிழைத் தொட்டாலே அதன் பெயரைச் சொல்லும் வசதி உண்டு. விலைதான் கையைக் கடிக்கும்.

அடுத்த கேள்வி, நமக்கு வேண்டிய ஒலி கிடைக்கிறதா? தாராவியின் தமிழ் ராப் ‘காலா’ (2018) வழியாகச் சினிமாவுக்கும் போய்விட்டது. அங்கே பறை வேண்டும். கர்நாடக இசை வளர்த்த மாட்டுங்காவிலும் செம்பூரிலும் மிருதங்கமும் வீணையும் வேண்டும். சுரத்துக்கு ஒரு பதிவு என்று அடுக்கினால் பியானோ வரும். நாகஸ்வரத்தின் கமகம் வராது. சுரத்தை வளைக்கும் சக்கரம் கைக்கு அடங்க வேண்டும்.

இங்கே ஏழைக்கேற்ற வழி ஒன்று உண்டு. ‘எஸ்எஃப்இஸட்’ என்ற ஒலித் தொகுப்பு வடிவம் வெறும் எழுத்துக் கோப்பு. எந்தப் பதிவு எந்தக் கட்டையில் ஒலிக்கும் என்பதை அதில் வரிவரியாக எழுதலாம். ஸ்கிரீன் ரீடர் படித்துச் சொல்லும். தெரிந்த மிருதங்கக் கலைஞர் ஒருவரை நம், தின், சாப்பு என ஒவ்வொரு சொல்லையும் மெதுவாகவும் ஓங்கியும் சில முறை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தால், சொந்த மிருதங்கம் தயார். இயக்க ‘ஸ்ஃபோர்ஸாண்டோ’ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

இன்னொரு சிறிய யோசனை: ஸ்கிரீன் ரீடரின் பேச்சும் பாட்டும் ஒரே ஹெட்ஃபோனில் மோதும். பேச்சுக்குத் தனி ஒலிவழி வைப்பது நல்லது.

கம்ப்யூட்டர் உதவிக்கு மும்பையில் இடமுண்டு: 1952-ல் தோன்றிய தேசியப் பார்வையற்றோர் சங்கம், சேவியர் கல்லூரியில் 2003-ல் தொடங்கிய பார்வைக் குறைபாடுடையோர் மையம். மாற வேண்டியவர்கள் தயாரிப்பாளர்கள். அன்றாட மின்னணுப் பொருள்கள் எல்லோரும் பயன்படுத்தும் வகையில் கிடைக்க வேண்டும் என்கிறது 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். ஒரு குமிழுக்குப் படத்தோடு பெயரையும் எழுத்தாக வைப்பது அந்தப் பட்டியலில் சேராதா? பக்கத்து வீட்டுப் பையன் பள்ளிவிட்டு வந்து ‘அந்த வயலினைத் தொட்டுக் கொடுக்கும்’வரை மெட்டு காத்திருப்பது, மெட்டுப் போடுபவரின் குறையல்ல.