மலை நடைக்கு எந்த ஜாக்கெட்? குளிரைவிட ஈரத்துக்கு அஞ்சுங்கள்

தேவாரப் பாடல் பெற்ற திருக்கேதாரத்தை, அதாவது கேதார்நாத்தை, நடந்தே சென்று தரிசிக்க விரும்புவோர் தமிழ்நாட்டில் ஏராளம். கௌரிகுண்டிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் ஏற்றம். கௌரிகுண்ட் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கேதார்நாத் கோயில் 3,583 மீட்டரில். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்பதால், கீழே 15 டிகிரி இருக்கும்போது மேலே 5 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். இந்தக் கணக்கைக் கேட்டதும் பலரும் கடையில் இருப்பதிலேயே தடிமனான ஜாக்கெட்டைத் தேடுகிறார்கள். நீண்ட நடைக்கு அது உதவாது. சுமக்க எளிதாகவும், நடையை நிறுத்தியதும் சட்டென்று போட்டுக்கொள்ளத் தோதாகவும், ஈரத்தைச் சமாளிப்பதாகவும் உள்ள ஜாக்கெட்தான் உடலைக் காக்கும்.

நின்றதும் தொடங்கும் ஆபத்து

எந்த ஜாக்கெட்டும் வெப்பத்தை உண்டாக்குவதில்லை. உள்ளே அடைபட்ட காற்றின் உதவியால் நம் உடற்சூடு வெளியேறாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். ஏற்றத்தில் நடக்கும்போது தசைகளே அடுப்பாக எரிகின்றன. அந்த நேரத்தில் கனமான ஜாக்கெட் போட்டிருந்தால் வியர்வை வெளியேற வழியின்றி உள்ளாடையை நனைத்துவிடும். பிறகு தேநீர்க் கடையிலோ தரிசன வரிசையிலோ நிற்கையில் தசைகளின் சூடு தணிகிறது. தண்ணீரோ, அசையாத காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்குவதை ஹைப்போதெர்மியா என்கிறோம். பனி விழாத நாளிலும், மழையும் காற்றும் சேர்ந்தால் இது வரும். நடுக்கத்தில் தொடங்கி, ஜிப்பைக்கூட இழுக்க முடியாத கைத்தடுமாற்றம், நாக்குழறல், மந்தம் என்று முற்றும். குழம்பிப்போய் இருப்பவரின் நடுக்கம் தானாக நின்றுவிட்டால் அவர் தேறிவிட்டார் என்று எண்ணக் கூடாது. உடனே மருத்துவ உதவி வேண்டும்.

தூவியா, செயற்கை இழையா?

1922 எவரெஸ்ட் பயணத்திலேயே மலையேற்ற வீரர் ஜார்ஜ் ஃபிஞ்ச், பலூன் துணிக்குள் பறவைத் தூவியை நிரப்பித் தைத்த கோட்டை அணிந்திருந்தார். எடைக்கு எடை பார்த்தால் வாத்துத் தூவிக்கு இணையில்லை என்பது இன்றும் உண்மை. ஆனால் நனைந்தால் அது கட்டிதட்டிப்போய், காற்றைப் பிடித்துவைக்கும் திறனை இழந்துவிடும், உலரவும் வெகுநேரமாகும். பாலியெஸ்டர் இழை நிரப்பிய ஜாக்கெட்டின் எடை சற்றுக் கூடுதல். என்றாலும் ஈரத்திலும் ஓரளவு சூட்டைக் காக்கும், சீக்கிரம் உலரும், விலையும் பெரும்பாலும் குறைவு. லடாக்கின் வறண்ட குளிருக்குத் தூவி பொருந்தும். எப்போது வேண்டுமானாலும் மழை கொட்டும் கேதார்நாத் பாதைக்குச் செயற்கை இழையே பாதுகாப்பு. நீர் ஒட்டாதபடி பதப்படுத்திய தூவி இருக்கிறதே என்று கேட்கலாம். அது நனைவதைத் தாமதப்படுத்தும். தொடர்மழையில் தாக்குப்பிடிக்கும் என்று நம்பிவிட முடியாது.

கடையில் பார்க்க வேண்டியவை

தூவி ஜாக்கெட்டில் 600, 800 என்று போட்டிருக்கும் எண், சுமார் 28 கிராம் தூவி எத்தனை கன அங்குலம் உப்பி நிற்கும் என்பதைச் சொல்கிறது. அது தரத்தின் அளவு மட்டுமே. எத்தனை கிராம் நிரப்பியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்; 800 எண்ணுள்ள மெல்லிய ஜாக்கெட்டைவிட, 600 எண்ணில் நிறைய நிரப்பியது கூடுதல் சூடு தரலாம். மொத்த எடை 300 முதல் 500 கிராமுக்குள் இருப்பது நீண்ட நடைக்கு வசதி. உள்ளே ஒரு முழுக்கைச் சட்டையோடு போட்டுப் பாருங்கள். கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது இடுப்பு தெரியக் கூடாது. உடலை இறுக்கினால் நிரப்பு நசுங்கிச் சூடு குறையும். தலையை மூடும் தொப்பி இருப்பது நல்லது. இந்த ஜாக்கெட் மழைக்கோட்டு அல்ல. இதற்கு மேல் போடும் அளவுக்குப் பெரிய மழைக்கோட்டு தனியாக வேண்டும்.

கம்பளி போதாதா?

காலங்காலமாகக் கம்பளியோடுதானே போய்வந்தார்கள் என்பது நியாயமான கேள்விதான். ஈரமானாலும் ஓரளவு இதம் தருவது கம்பளியின் சிறப்பு. மெல்லிய கம்பளிப் பனியனை உள்ளே அணிவது பருத்தியைவிட எவ்வளவோ மேல். ஆனால் தடித்த கம்பளிச் சால்வை நீரை உறிஞ்சிக் கனத்துவிடும். காற்றையும் முழுதாகத் தடுக்காது. முதியவர்களுக்கும் சர்க்கரை நோயால் நரம்புகள் பாதிக்கப்பட்டவர்களுக்கும் குளிர் தாக்குவது தாமதமாகவே உறைக்கக்கூடும் என்பதால், குளிரட்டும் பார்க்கலாம் என்று அவர்கள் காத்திருக்கக் கூடாது. மது குடித்தால் சூடேறும் என்பதும் தவறு; தோலின் ரத்தநாளங்களை விரித்து அது உடற்சூட்டை வெளியேற்றிவிடும்.

ஆகவே நடக்கும்போது ஜாக்கெட் பைக்குள், பிளாஸ்டிக் உறையில் இருக்கட்டும். நின்றதும் ஈரச் சட்டையை மாற்றி, குளிர் தெரியும் முன்பே ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். விலை உயர்ந்த ஜாக்கெட்டை நனையவிட்டவரைவிட, சாதாரண ஜாக்கெட்டை உலர்வாக வைத்திருப்பவரே பாதுகாப்பாக இருப்பார்.