மூலமா, கட்டியா? வெட்கப்படாமல் கேளுங்கள்!

நண்டைப் பற்றிக் கட்டுமாவடி மக்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோரத்தில் உள்ள இந்த ஊரின் மீன் மார்க்கெட்டில் மீனும் இறாலும் நண்டும் கூடை கூடையாக விற்பனை ஆகின்றன.

ஆனால், நண்டின் பெயரில் ஒரு வியாதி இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

புற்றுநோயைக் "கான்சர்" என்கிறோம் அல்லவா? லத்தீன் மொழியில் அந்தச் சொல்லுக்கு நண்டு என்றுதான் அர்த்தம். கட்டியைச் சுற்றிப் புடைத்த ரத்தக் குழாய்கள் நண்டின் கால்களைப் போலத் தெரிந்ததால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள்.

அந்த நண்டுக்கு ஒரு தம்பியும் உண்டு. குடலில் ஒளிந்திருப்பான். அவனைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நண்டு மாதிரி!

1907-ம் ஆண்டு, ஜெர்மனியில் ஓபர்ன்டார்பர் என்ற டாக்டர் ஒரு புதிய விஷயத்தை வெளியிட்டார். சிலருடைய குடலில் சின்னஞ்சிறு கட்டிகள் இருந்தன. பார்வைக்குப் புற்றுநோய் போலவே இருந்தன. ஆனால் மெதுவாகவே வளர்ந்தன. ஆகவே "கார்சினாய்டு" என்று பெயர் வைத்தார். "புற்றுநோய் போன்றது" என்று பொருள்.

இவை சாதுவான கட்டிகள் என்றே முதலில் அவர் எண்ணினார். பிறகு 1929-ல், "இவற்றில் சில பரவவும் செய்யும்" என்று தம் கருத்தைத் தாமே திருத்திக்கொண்டார்.

இன்று டாக்டர்கள் இதை "நியூரோ எண்டோகிரைன் கட்டி" என்கிறார்கள். பெயர் பெரிது, விஷயம் எளிது. குடலின் உட்சுவரில் சில விசேஷ செல்கள் உண்டு. அவை நரம்பைப் போலச் செய்தி வாங்கும்; சுரப்பியைப் போல ஹார்மோனை ரத்தத்தில் விடும். அந்த செல்கள் கட்டுக்கு அடங்காமல் பெருகினால் இந்தக் கட்டி உண்டாகிறது.

பிழைக்க முடியுமா?

முடியும். எவ்வளவு சிறியதாக இருக்கும்போது பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

மலக்குடலில் வரும் கட்டி பெரும்பாலும் 1 சென்டிமீட்டருக்கும் குறைவு. ஒரு கொண்டைக்கடலை அளவு! ஆசனவாய் வழியாகக் கேமரா குழாயைச் செலுத்தி, அதன் வழியாகவே கட்டியை எடுத்துவிடலாம். வயிற்றில் கத்தி படாது. இப்படிப் பரவாத நிலையில் பிடிபட்டவர்களில், 5 ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் மேல்.

கட்டி 1 முதல் 2 சென்டிமீட்டர் வரை இருந்தால், எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று ஸ்கேன் செய்து பார்த்து முடிவு செய்வார்கள். 2 சென்டிமீட்டரைத் தாண்டினால் அபாயம் அதிகம். பக்கத்திலுள்ள நிணநீர் முடிச்சுகளுக்கும் கல்லீரலுக்கும் பரவியிருக்கக்கூடும். அப்போது ஆபரேஷன் செய்து குடலின் ஒரு பகுதியை எடுக்க நேரலாம்.

பெருங்குடலின் மேல்பகுதியில் வரும் கட்டி கொஞ்சம் முரடு. அது பெரிதான பிறகே தெரியவரும். ஆகவே அதற்குப் பெரும்பாலும் ஆபரேஷன்தான்.

எடுத்த கட்டியை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, நூறு செல்லில் எத்தனை பெருகிக்கொண்டிருக்கின்றன என்று எண்ணுவார்கள். 3-க்குக் கீழே என்றால் மந்தமான கட்டி. 20-க்கு மேல் என்றால் வேகமான கட்டி. "எங்கள் கட்டி எந்தத் தரம்?" என்று டாக்டரிடம் நீங்கள் கேட்கலாம். கேட்பது உங்கள் உரிமை.

பரவிவிட்டால்?

அப்போதும் கைவிட வேண்டாம். ஆக்ட்ரியோடைடு என்ற ஊசியை மாதம் ஒரு முறை போட்டு, மந்தமான கட்டியின் வளர்ச்சியைத் தடுக்கிறார்கள். வேகமான கட்டிக்குக் கீமோதெரபி உண்டு.

இன்னொரு வைத்தியம் அதிசயமானது. இந்தக் கட்டியின் செல்கள் மேல் பூட்டு மாதிரி ஓர் அமைப்பு இருக்கிறது. அதற்குப் பொருந்தும் சாவி போன்ற மருந்தில் லுட்டீசியம்-177 என்ற கதிரியக்கப் பொருளைச் சேர்த்து ரத்தத்தில் செலுத்துகிறார்கள். சாவி பூட்டைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். அங்கேயே கதிர் வீசிக் கட்டியைத் தாக்கும். இந்த லுட்டீசியத்தை நம் நாட்டிலேயே, மும்பை டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையம் தயாரிக்கிறது.

புதுக்கோட்டைப் பெண்ணின் கண்ணீர்

குடல் நோயைத் தவறாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? புதுக்கோட்டையிலேயே பிறந்த ஒருவரின் குடும்பக் கதை இதைச் சொல்லும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் துணிந்து சேர்ந்து படித்தவர். 1912-ல் டாக்டர் பட்டம் பெற்றவர். அவருடைய தங்கைக்கு 1920-களில் உடம்புக்கு வந்தது. சீதபேதி என்று எண்ணி வைத்தியம் செய்தார்கள். உண்மையில் அது மலக்குடலில் வந்த புற்றுநோய். தங்கை பிழைக்கவில்லை.

அது நாம் இங்கே சொல்லும் கார்சினாய்டு என்று சொல்வதற்கில்லை. ஆனால் பாடம் ஒன்றுதான். அக்காள் டாக்டராக இருந்தும் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை! அந்தத் துக்கமே 1954-ல் சென்னை அடையாறில் புற்றுநோய் ஆஸ்பத்திரியாக எழுந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது

மலத்தில் ரத்தம் போனால் நம் வீடுகளில் என்ன சொல்கிறோம்? "மூலம்தான், சூடு" என்கிறோம். மோரைக் குடித்துவிட்டுப் பேசாமல் இருக்கிறோம். பெண்களோ வீட்டுக்காரரிடம் கூடச் சொல்வதில்லை. பெரும்பாலும் அது மூலமாகவே இருக்கலாம். ஆனால் உள்ளே பார்க்காமல் எப்படித் தெரியும்? செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்குவோமா?

மலத்தில் ரத்தம், மலம் போகும் வழக்கத்தில் மாறுதல், காரணமில்லாமல் உடல் இளைப்பது, சோகை — இவற்றில் எது இருந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். சின்னக் கட்டி பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் தராது. வேறு காரணத்துக்காகக் கேமரா வைத்துப் பார்க்கும்போதுதான் அகப்படும். ஆகவே டாக்டர் கேமரா சோதனை செய்யச் சொன்னால் தட்டிக்கழிக்க வேண்டாம்.

புதுக்கோட்டையில் 2017-ல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே போய் விசாரியுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் மறக்காமல் எடுத்துப் போங்கள்.

கொண்டைக்கடலை அளவில் இருக்கும்போது வெட்கத்தை விட்டுச் சொன்னால், எளிதில் முடிந்துவிடும். மறைத்து வைத்தால் அது வளரும். வெட்கத்தால் ஓர் உயிர் போக வேண்டுமா? யோசியுங்கள்!