மலை லைன் ஜீப்பில் ஓர் இழுப்பறைப் பெட்டி

சின்னமனூரில் நாங்கள் இரும்புக் கடை வைத்து 38 ஆண்டுகள் ஆகின்றன. பம்புசெட், மருந்தடிக்கும் ஸ்பிரேயர், குழாய்ச் சாமான்கள், கவாத்துக் கத்தி, நட்டு போல்ட்டு இவைதான் எங்கள் மொத்த வியாபாரம். கீழே கம்பம் பள்ளத்தாக்கில் எங்களைப் போலப் பலர் இருக்கிறார்கள். எங்களுக்கென்று தனியாகச் சொல்லிக்கொள்ள உள்ளது மேகமலை லைன் ஒன்றுதான். ஹைவேவிஸ், மணலாறு, மேல்மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு, மகாராஜாமெட்டு என்று அந்தத் தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய கடைகளும் எஸ்டேட் ஸ்டோர்களுமாகப் பதினொரு வாடிக்கை. மூட்டைச் சரக்கு சரக்கு வண்டியில் தனியே ஏறிவிடும். 15 நாளைக்கு ஒருமுறை எங்கள் மகிந்திரா ஜீப்பில் டிரைவர், மெக்கானிக், வரவு வாங்கும் பெரியவர் ஆக மூவர் போய், விற்ற பம்பையும் ஸ்பிரேயரையும் பழுது பார்த்துக் கொடுத்துவிட்டுப் பாக்கி வசூலித்து வருவார்கள். மலையில் ஹைவேவிஸைத் தாண்டினால் பாதை மோசம். மழைக்காலத்தில் நான்கு சக்கர இயக்கம் இல்லாத வண்டியை நம்பிப் போக முடியாது.

இந்த லைனை விட்டுவிடலாம் என்று எங்கள் மகன் 2018-இல் கணக்குப் போட்டுக் காட்டினார். டீசல், பேட்டா, வண்டித் தேய்மானம் எல்லாம் கழித்தால் மிஞ்சுவது சொற்பம் என்பது அவர் கட்சி. கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கணக்கில் வராத ஒரு நஷ்டம் இருந்தது. உதிரிகளை நாங்கள் சாக்கிலும் பழைய பிஸ்கட் டின்னிலும் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தோம். 18 கொண்டை ஊசி வளைவு ஏறி முடிப்பதற்குள் நாசிலும் வாஷரும் கேஸ்கட்டும் ஒன்றோடொன்று கலந்து கூட்டாஞ்சோறு ஆகிவிடும். (அந்த வளைவு ஒவ்வொன்றுக்கும் சங்க இலக்கியப் பூ ஒன்றின் பெயரை எழுதிப் பலகை வைத்திருக்கிறார்கள். நம் ஆட்களுக்கு அதைப் படிக்கவா நேரம்!) மேலே மழைத் தூறலில் சாக்கை விரித்துக் கொட்டித் தேடினால் ஒரு கடைக்கு அரை மணி நேரம் போகும். இரவில் அந்த வனப்பாதையில் போகத் தடை இருப்பதால் பொழுது சாய்வதற்குள் இறங்கியாக வேண்டும். கடைசி இரண்டு கடைக்குப் போகாமலே திரும்பிய நாட்கள் உண்டு.

ஒருமுறை இரவங்கலாறில் ஒரு ஸ்பிரேயருக்குத் தோல் வாஷர் ஒன்று வேண்டியிருந்தது. எட்டு ரூபாய்ச் சாமான். கொண்டு போனோம் என்று மெக்கானிக் சத்தியம் செய்கிறார், கிடைக்கவில்லை. அடுத்த நடை 15 நாள் கழித்துத்தான். அதற்குள் அந்த ஸ்டோர்க்காரர் வேறொருவரிடம் புது ஸ்பிரேயர் மூன்று வாங்கிவிட்டார். மருந்தடிக்கும் பருவத்தில் அவர் என்ன செய்வார்? வண்டி கடைக்கு வந்து சாக்கை உதறியபோது அந்த வாஷர் எங்கள் வாசற்படியில் உருண்டு விழுந்தது. ஆக, லைனில் லாபம் இல்லாமற்போனது மலையால் அன்று, சாக்கால் என்று எங்களுக்குப் புரிந்தது.

அப்போது ஆஸ்திரேலியாவில் வேலை பார்க்கும் எங்கள் மைத்துனர் மகன் ஊருக்கு வந்திருந்தார். "மாமா, அங்கே ஜீப் மாதிரி வண்டி வச்சிருக்கிறவங்க பின்னாடி தரையோட ஒட்டி டிராயர் செஞ்சு வச்சுக்குவாங்க. அதுக்குன்னே கம்பெனி இருக்கு" என்றார். ஊருக்கு ஊர் தொலைவு அதிகமான நாடு அது. கருவி, தண்ணீர், சமையல் சாமான் எல்லாம் அதற்குள் அடக்கிக்கொண்டு கிளம்புவார்களாம். விலை கேட்டால் நமக்குக் கட்டுப்படியாகாது. நம் ஆசாரி செய்யாத டிராயரா என்று நாங்களே இறங்கினோம்.

முதலில் செய்த பெட்டியைப் பற்றி மறைக்காமல் எழுதிவிடுகிறோம். சமையலறை அலமாரிக்குப் போடும் பால்பேரிங் சேனலைப் போட்டோம். இழுத்தால் வழுக்கிக்கொண்டு வந்தது. கடையில் நின்று பார்த்தவர்களெல்லாம் பாராட்டினார்கள். மூன்றே மாதம்! அந்தச் சேனல் ஜோடிக்கு 45 கிலோ தாங்கும் என்று போட்டிருப்பது அசையாமல் நிற்கும் வீட்டு அலமாரிக்கு. கல்லிலும் குழியிலும் வண்டி தூக்கிப் போடும்போது அதே 35 கிலோ சரக்கு இரண்டு மடங்கு மூன்று மடங்காக அடிக்கிறது. புழுதி வேறு உள்ளே போய் இறுகியது. ஒருநாள் குண்டுகள் கழன்று டிராயர் தொங்கிவிட்டது. தாழ்ப்பாளும் அப்படித்தான். மலை ஏறும்போது வண்டியின் பின்பக்கம் தாழ்வதால் டிராயர் தானே வெளியே வரப் பார்க்கும். ஆட்டத்தில் தாழ்ப்பாள் மெல்ல விலகி, டிராயர் பின்கதவில் போய் முட்டிக்கொண்டு நிற்கும்.

இவையெல்லாம் சில்லறைத் தொல்லை. பெரிய தவறு பெட்டியைத் தரையில் பிடித்த விதத்தில் இருந்தது. வண்டித் தரை இரும்புத் தகடுதானே என்று ஆறு ஸ்குருவைத் திருகி விட்டுவிட்டோம். 2021 ஆகஸ்டில் ஹைவேவிஸிலிருந்து இறங்கும்போது வளைவில் காட்டுமாடு ஒன்று குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக்கை அழுத்தினார். வேகம் 30 கிலோமீட்டருக்கும் குறைவு. மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, வண்டிக்கும் ஒன்றும் ஆகவில்லை. நூறு கிலோவுக்கு மேல் இருந்த பெட்டி ஆறு ஸ்குருவையும் பிடுங்கிக்கொண்டு முன்னே பாய்ந்தது. முன் சீட்டில் இருந்த எங்கள் வசூல் பெரியவர் பில் பையை எடுக்க இரண்டு சீட்டுக்கும் நடுவே வலது கையைப் பின்னால் நீட்டியிருந்தார். சீட்டின் இரும்புச் சட்டத்துக்கும் பெட்டிக்கும் நடுவே கை மாட்டி இரண்டு விரல் எலும்பு முறிந்தது. தேனியில் கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். நாங்கள் போனதும் அவர் முதலில் கேட்டது, "அண்ணாச்சி, வசூல் பை பத்திரமா வந்துச்சா?" என்பதுதான். 22 வருடம் நம்மிடம் பில் எழுதிய கை. சம்பளமும் வைத்தியச் செலவும் கொடுத்தோம், அது பெரிய காரியமில்லை. ஆறு ஸ்குருவில் அறுபது ரூபாய் மிச்சம் பிடித்தது நாங்கள் அல்லவா?

அந்தப் பெட்டியை உடைத்துவிட்டு இரண்டாவதைச் செய்ய இரண்டு மாதம் எடுத்துக்கொண்டோம். இதுதான் இன்றும் ஓடுகிறது. செய்ய நினைக்கும் வணிக நண்பர்களுக்காக அளவோடு சொல்கிறோம். வண்டிக்கு வண்டி அளவு மாறும், அளந்துகொள்ள வேண்டும்.

எங்கள் ஜீப்பில் இரண்டு சக்கர மேட்டுக்கும் நடுவே 36 அங்குலம் இருந்தது. பெட்டி 35 அங்குல அகலம், 42 அங்குல நீளம், 11½ அங்குல உயரம். வெளிக்கூட்டுக்கு 18 மில்லிமீட்டர் பிளைவுட். ஈரம் தாங்கும் தரத்தில், ஐ.எஸ். 303 அல்லது ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து வாங்க வேண்டும். மேல்பலகை, அடிப்பலகை, 10 அங்குல உயரத்தில் நிற்கும் பலகை மூன்று, இவ்வளவும் 8-க்கு 4 அடி ஷீட் ஒன்றிலேயே அடங்கும். ஆசாரி அறுப்பதற்கு முன் தாளில் வரைந்து பார்த்தால் ஷீட் வீணாகாது. டிராயர் இரண்டுக்கும் 12 மில்லிமீட்டர் போதும், அதற்கு ஒரு ஷீட். மொத்தமும் 18-இல் செய்தால் பலம்தானே என்று தோன்றும். வெறும் பெட்டியின் எடையே இப்போது 50 கிலோ வருகிறது, அதற்கு மேல் ஏற்றினால் சரக்குக்கு இடமில்லை. மூலைகளில் பசையும் ஸ்குருவும் சேர்த்துப் போட வேண்டும். ஆணி இந்த ஆட்டத்துக்கு நிற்காது.

சேனலை அடியோடு விட்டுவிட்டோம். டிராயர் உட்காரும் இடத்தில் வைரம் பாய்ந்த வேங்கைச் சட்டம் இரண்டு ஓட விட்டு, மெழுகுவர்த்தியால் நன்றாகத் தேய்த்தோம். இழுக்கக் கொஞ்சம் பலம் வேண்டும், ஆனால் கெட்டுப்போக அதில் எதுவும் இல்லை. மாதம் ஒருமுறை மெழுகு தேய்த்தால் சரி. டிராயர் முழுதும் வெளியே வந்து விழாமல் இருக்க உள்ளே பின்பக்கம் நாடா கட்டி, மூன்றில் ஒரு பங்கு எப்போதும் கூட்டுக்குள் நிற்கும்படி செய்தோம். பக்கங்களில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியதில் கடகட சத்தம் நின்றது. தாழ்ப்பாளுக்கு மேல் இரண்டு டிராயருக்கும் குறுக்கே ஓர் இரும்புப் பட்டை, அதற்கு ஒரு பூட்டு. மேட்டில் டிராயர் வெளியே வர வழியில்லை, நிறுத்திய இடத்தில் கை வைக்கவும் வழியில்லை.

இனி பிடிப்பு. நான்கு மூலையிலும் ஆங்கிள் துண்டு வைத்து, 10 மில்லிமீட்டர் போல்ட்டைத் தரை வழியாக இறக்கி, அடியில் இரண்டு அங்குலச் சதுரத் தகடு கொடுத்து முடுக்கினோம். தகடு இல்லாமல் வெறும் வாஷர் போட்டால் இழுக்கும்போது தரையைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். ஆட்டத்தில் தளராத நைலான் வளைய நட்டுத்தான் போட வேண்டும். துளை போடும் முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கவும். பிரேக் குழாய், டீசல் குழாய், வயர் எல்லாம் அங்கேதான் ஓடுகின்றன. எங்கள் வெல்டிங் பட்டறைக்காரர் முதல் துளையைப் பிரேக் குழாய்க்கு நேர் மேலே குறித்திருந்தார், நல்லவேளை பார்த்தோம். போட்ட துளையைச் சுற்றி பெயின்டும் சீலன்டும் வைக்காவிட்டால் அடுத்த மழைக்குள் துரு ஏறும். பெட்டிக்கு முன்னால் குறுக்கே ஓர் ஆங்கிள் சட்டம், சீட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே கம்பி வலைத் தடுப்பு இரண்டையும் தனியாகப் பொருத்தினோம். பிரேக் அடித்தால் பெட்டி முதலில் சட்டத்தில் முட்ட வேண்டும், மனிதரிடம் வரக்கூடாது.

எடை விஷயத்தில் ஆசை கூடாது. ஒரு டிராயருக்கு 35 கிலோ என்று வைத்திருக்கிறோம். பித்தளை, இரும்புச் சாமான் முன்பக்கம், கேஸ்கட், வாஷர், டேப் போன்றவை கதவுப் பக்கம். எல்லாக் கனமும் பின்சக்கரத்துக்குப் பின்னால் சேர்ந்தால் ஏற்றத்தில் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடிப்பு குறையும். ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் பெட்டியைத் திறக்காமலே எடுக்கும் இடத்தில் இருக்கட்டும். முதல் பெட்டியில் ஜாக்கியை அடியில் வைத்துவிட்டு, பஞ்சரான அன்று மணலாறு ரோட்டில் எல்லாச் சாமானையும் இறக்கி வைத்த கதையும் உண்டு.

சட்டத்தையும் ஒரு வார்த்தை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. அதனால் பக்கவாட்டு சீட்டுகளை நாங்கள் கழற்றவில்லை, மடக்கித்தான் வைத்திருக்கிறோம். நான்கு போல்ட்டைக் கழற்றினால் பெட்டி வெளியே வந்துவிடும். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியை சரக்கு வண்டியாக ஓட்டுவதும் கூடாது. பெட்டியில் போவது மெக்கானிக்கின் கருவியும் பழுதுக்கான உதிரியும்தான். சந்தேகம் இருப்பவர்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு பிறகு ஆசாரியைக் கூப்பிடலாம்.

மரம், இரும்பு, கூலி எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆனது 14,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. டிராயருக்குள் தடுப்பு வைத்து 24 அறை, ஒவ்வொன்றுக்கும் எண். அந்த எண் வரிசையில்தான் சிட்டை எழுதுகிறோம். வண்டி வந்த மறுநாள் காலை, குறைந்த அறையை மட்டும் நிரப்பினால் போதும். கடைக்கு அரை மணி நேரம் என்பது பத்து நிமிடமாகிவிட்டது. பதினொரு வாடிக்கையையும் பார்த்துவிட்டு வெளிச்சத்திலேயே இறங்கிவிடுகிறார்கள். மூன்று ஸ்பிரேயரை வேறிடத்தில் வாங்கிய இரவங்கலாறு ஸ்டோர்க்காரர் அந்த மூன்றையும் இப்போது எங்கள் மெக்கானிக்கிடமே பழுதுக்குக் கொடுக்கிறார். லைனை நிறுத்தும் பேச்சை மகன் எடுப்பதில்லை.

வசூல் பெரியவர் ஆறு வாரத்தில் வேலைக்கு வந்துவிட்டார். நடுவிரல் இன்னும் முழுதாக மடங்காது. பில்லை இப்போது டிரைவர் எழுத, இவர் சொல்லுகிறார். ஆனால் மாதப் பிறப்பு அன்று காலையில் கடை திறந்ததும் அவரே 17 நம்பர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஜீப்புக்கு அடியில் போய்விடுவார். நான்கு நட்டையும் தொட்டுப் பார்த்து, "சரியா இருக்கு அண்ணாச்சி" என்று சொன்ன பிறகுதான் வண்டி மலைக்குக் கிளம்புகிறது.