வந்து பார்த்துச் சொல்வதற்குக் கூலி உண்டா?

புரட்டாசி பாதி கழிந்துவிட்டால் பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கொத்தனார்களின் செல்போன் ஓயாது. "தளம் ஒழுகுது, ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போங்க." "சுவரு விட்டுப்போச்சு மேஸ்திரி, எவ்வளவு ஆகும்னு சொல்லுங்க." அழைப்பவர் குன்னத்தில் இருப்பார். மேஸ்திரி பெரம்பலூரில் ஏதோ ஒரு சாரத்தின் மேல் நிற்பார். பைக்கில் போய், மாடியேறிப் பார்த்து, டேப் பிடித்து அளந்து, கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டுத் திரும்பினால் அரை நாள் போய்விடும். கொத்தனார் சம்பளம் நாளுக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டி இருக்கிற காலம் இது. அந்த அரை நாளுக்கு அவர் கையில் வருவது ஒரு டீயும், "வீட்ல கலந்துட்டுச் சொல்றோம்" என்ற பதிலும்தான்.

இரண்டு மாவட்டங்களிலும் வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் எழும்பிய வீடுகள் ஏராளம். மகன் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பான். மூன்று பேரிடம் எஸ்டிமேட் வாங்கி வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வான். தூரத்தில் இருப்பவன் ஏமாந்துவிடக் கூடாது என்று நினைப்பதில் தப்பில்லை. முதலில் வந்தவர் அளந்து எழுதிக் கொடுத்த சீட்டையே அடுத்தவரிடம் நீட்டி, "இதுக்குக் கீழ முடியுமா?" என்று கேட்பதுதான் தப்பு. முதல் ஆளின் உழைப்பை எடுத்து இரண்டாம் ஆளுக்கு இலவசமாகக் கொடுத்துவிடுகிறோம். வேலையை ஏற்கெனவே மச்சானுக்குப் பேசி முடித்துவிட்டு, விலை தெரிந்துகொள்ள மட்டும் ஆள் கூப்பிடுகிற வீடுகளும் உண்டு.

பைப் வாஷர், சுவிட்சு, ஃபேன் கண்டென்சர் போன்றவற்றுக்கு இந்தப் பேச்சே வேண்டாம். போட்டோ அனுப்பினால் போனிலேயே விலை சொல்லிவிடலாம். விரிசலும் ஒழுகலும் அப்படியல்ல. அதிலும் இந்த மண்ணில்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பல இடங்களில் கரிசல். மழையில் ஊறினால் உப்பும், கோடையில் காய்ந்தால் சுருங்கிப் பிளக்கும். மேலே நிற்கிற வீடும் கூடவே ஏறி இறங்குகிறது. அஸ்திவாரம் போதிய ஆழம் போகாத வீட்டில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு கோடு கிளம்பும். சித்திரையில் விரல் நுழையும், கார்த்திகையில் முடிக்கோடாகிவிடும். ஆலத்தூர் வட்டத்துக் காரைப் பக்கம் களிமண்ணில் ஜிப்சம் இழை இழையாகக் கிடக்கிறது. அதிலிருக்கும் சல்ஃபேட் சிமென்டுக்கு ஆகாது. சுண்ணாம்புக்கல் சுரங்கங்களை ஒட்டிய ஊர்களில் வெடி அதிர்வால் சுவர் விடுகிறது என்கிற புகாரும் இருக்கிறது. ஆகவே ஒரே மாதிரித் தெரிகிற விரிசலுக்கு மண், வெடி, வேப்பமரத்து வேர், கசிகிற செப்டிக் டேங்க் என்று எதுவும் காரணமாக இருக்கலாம்.

விவரம் தெரிந்த மேஸ்திரி பார்க்கிற விதமே வேறு. கரண்டிக் காம்பால் பூச்சைத் தட்டிக்கொண்டே போவார். ஓரிடத்தில் சத்தம் கணீரென்று வரும், அடுத்த சாணில் பொத்தென்று அமுங்கும். அங்கே பூச்சு சுவரை விட்டுவிட்டது. கோடு பூச்சோடு நிற்கிறதா, செங்கல்லையும் பிளந்து மறுபக்கம் வந்திருக்கிறதா என்று வீட்டுக்குள் போய்ப் பார்ப்பார். விரிசலின் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டை சிமென்ட் வைத்து ஒட்டி, அன்றைய தேதியைப் பென்சிலால் சுவரில் எழுதிவிட்டுப் போவார். ஒரு மாதம் கழித்து வருகையில் கண்ணாடி உடைந்திருந்தால் சுவர் இன்னும் அசைகிறது என்று பொருள். அப்போது பூசி மறைப்பது வீண் செலவு. ஒரு மழையும் ஒரு கோடையும் கழிந்தும் உடையாமல் இருந்தால் பயமில்லை, அடைத்துப் பூசிவிடலாம்.

இவ்வளவையும் பார்த்துவிட்டு அவர் என்ன சொல்லக்கூடும்? "சுவரை இடிக்க வேண்டாம். மாடித் தண்ணி சுவரோரம் விழாம குழாய் போட்டு வெளிய விடுங்க. வீட்டைச் சுத்தி சரிவா சிமென்ட் தளம் போடுங்க. மழைக்காலம் முடியட்டும், மறுபடி பார்க்கலாம்." வீட்டுக்காரருக்குப் பெருந்தொகை மிச்சம். அதைச் சொன்னவருக்கோ பெரிய வேலை கைநழுவிவிட்டது. பார்த்துச் சொல்வதற்குக் கூலி கிடையாது என்று நாம் வைத்திருக்கிற வழக்கத்தில், உண்மையைச் சொன்னவர் பட்டினி. "முழுசா இடிச்சுக் கட்டணும்" என்றவருக்குப் பிழைப்பு. இலவச எஸ்டிமேட்டின் விலையை அங்கேதான் கொடுக்கிறோம். வேலை கிடைக்காமல் போன பத்து வீட்டுப் பெட்ரோலும் அரை நாள் சம்பளமும் வேலை கொடுத்த ஒரு வீட்டுக் கணக்கில் ஏறுகின்றன. காரணம் தேடிச் சொல்கிற வேலைக்குக் கூலி வாங்குவதுதான் நியாயம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வாரண்டி முடிந்த ஃபிரிட்ஜைப் பார்க்க கம்பெனி ஆள் வந்தால் விசிட் சார்ஜ் கொடுக்கிறோம், அதற்கு ஜிஎஸ்டியும் சேர்த்து. ஊர்க்காரர் வாய்விட்டுக் கேட்டால் மட்டும் முகம் சுளிக்கிறோம். 2000-01க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிய ஊரக வீடுகளைச் சீரமைக்க 2024இல் தமிழக அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. அப்படிப்பட்ட திட்டங்களில் வீட்டைப் பார்த்து மதிப்பீடு போடுவது ஒன்றிய அலுவலகப் பொறியியல் பிரிவின் வேலை. அதற்கு மாதச் சம்பளம் இருக்கிறது. அதே வேலை மேஸ்திரி செய்தால் மட்டும் உபகாரம் ஆகிவிடுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இலவசமாகச் செய்யப்படும் சேவை சேர்க்கப்படவில்லை. காசு வாங்காமல் ஒருவர் தப்பாகப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனால் அவரைக் கேட்க அந்தச் சட்டத்தில் வழியில்லை. கூலி கொடுத்து, எழுத்தில் வாங்கியிருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம்; 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் கிடையாது.

ஜெர்மனியின் சிவில் சட்டம், முன்கூட்டிப் பேசிக்கொள்ளாவிட்டால் மதிப்பீட்டுக்குக் காசில்லை என்கிறது. பிரான்சில், மதிப்பீடு இலவசமா கட்டணமா என்பதை முதலிலேயே தெரிவித்தாக வேண்டும். நமக்கும் முன்கூட்டியே பேசிக்கொள்வதுதான் சரிப்படும். வருகைக்கு எவ்வளவு என்பதைப் போனிலேயே சொல்லிவிட வேண்டும். வந்து பார்த்தபின் கேட்டால் அது சண்டையில்தான் முடியும். வேலை கொடுத்தால் அந்தத் தொகையைக் கூலியில் கழித்துக்கொள்ள வேண்டும். கொடுக்காவிட்டால் என்ன பார்த்தார், காரணம் என்ன, என்ன செய்யலாம், அளவு எவ்வளவு என்று கையெழுத்துடன் ஒரு சீட்டு எழுதித் தர வேண்டும். அந்தச் சீட்டு வீட்டுக்காரருடைய சொத்து. அதை யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். மேஸ்திரிக்கும் அதில் வருத்தமிருக்காது.

பார்க்கப் போவதையே பிழைப்பாக்கிக்கொண்டு வீடு வீடாக வசூல் செய்பவர்கள் வருவார்களே என்று கேட்கலாம். வருவார்கள். சீட்டில்லாமல் காசில்லை என்றால் நீண்ட நாள் நிற்க மாட்டார்கள். முதியோர் பென்ஷனில் தனியாகக் காலம் தள்ளும் ஆயாவின் ஓட்டு வீட்டுக்கு எந்த மேஸ்திரியும் காசு கேட்கப் போவதில்லை. இன்றும் கேட்பதில்லை. தெருக்கோடிக்குப் போய்ப் பார்ப்பதும், பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு 30 கிலோமீட்டர் போவதும் ஒன்றல்ல என்பதால் தூரத்துக்கு ஏற்ற தொகை வேண்டும்.

தனியாக ஒருவர் கேட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். அந்தப் பயத்தில்தான் பலரும் வாய் திறப்பதில்லை. கட்டுமானத் தொழிலாளர் சங்கங்கள் ஆண்டுதோறும் நாள் கூலி பேசி முடிவு செய்கிற ஊர்களில், அதே கூட்டத்தில் பார்வைக் கூலியையும் சேர்த்துப் பேசலாம். 200 ரூபாயா, 300 ரூபாயா, எத்தனை கிலோமீட்டருக்கு மேல் எவ்வளவு, சீட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, ஹார்டுவேர் கடைகளிலும் பெயின்ட் கடைகளிலும் எழுதி ஒட்டினால் போதும். அடுத்த ஐப்பசி மழைக்கு முன் இது நடக்கக்கூடியதுதான்.