தேயிலைக் கிளைக்குள் ஒரு குடும்பம்

கொழுந்து எடுக்கும்போது கை பட்டதும் நல்ல பச்சைக் கிளை ஒன்று படக்கென்று முறிகிறது. "பார்த்து எடுக்கத் தெரியாதா?" என்று ஏச்சு விழுகிறது. முறிந்த இடத்தைத் திருப்பிப் பாருங்கள். பென்சில் கரி நுழைகிற அளவில் ஒரு துளை இருந்தால் குற்றம் உங்கள் கையில் இல்லை. துரைமார் 'ஷொட் ஹோல் போரர்' என்று சொல்லும் துளை வண்டு அங்கே குடித்தனம் நடத்தியிருக்கிறது.

துளைப்பது பெண் வண்டுதான். நீளம் இரண்டு மில்லிமீற்றர் சொச்சம். வாயோரத்துப் பையில் ஒருவகைப் பூஞ்சண விதையைச் சுமந்து வந்து, துளைக்குள் பயிர் செய்கிறது. குஞ்சுகள் மரத்தைத் தின்பதில்லை, இந்தப் பூஞ்சணத்தைத்தான் தின்கின்றன. இதை ஆராய்ந்து 1947 இல் பெயரிட்டு எழுதியவர்கள் தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் காட், லூஸ் என்ற இருவர்.

அதைவிட ஆச்சரியம் இவற்றின் கலியாணம். ஒரு தாய்க்குப் பிறப்பதில் பெரும்பாலும் பெண்கள்தான். ஆண் ஒன்றோ இரண்டோ. அந்த ஆணும் சின்னது, பறக்க மாட்டாது. கூடப்பிறந்த அக்கா தங்கச்சிகளோடு துளைக்குள்ளேயே சேர்ந்துவிட்டு அங்கேயே செத்தும் போகும். நமக்குக் கேட்கவே கூச்சம்தான், ஆனால் வண்டுக்கு ஏது முறை!

ஆண்கள் ஏன் இத்தனை குறைவு? இப்படிப்பட்ட பூச்சிகளைப் பற்றி இங்கிலாந்து விஞ்ஞானி ஹமில்டன் 1967 இல் விளக்கம் சொன்னார். மகன்கள் வெளியே போய்ப் பெண் தேடுவதில்லை. நாலு மகன் இருந்தால் நாலும் அதே சகோதரிகளுக்காகத்தான் போட்டி போடும். ஒருவன் போதும், மற்றவை வீண். அந்த இடத்தில் மகள்களைப் பெற்றால் பேரப்பிள்ளைகள் கூடும். தாய்க்கு இது முடிகிற காரியம்தான்: கருக்கட்டிய முட்டை பெண்ணாகும், கருக்கட்டாதது ஆணாகும். ஆணுக்குத் தகப்பனே கிடையாது.

தேனீயிலும் ஆண் இப்படித்தான் பிறக்கிறது. 1977 கலவரத்துக்குப் பின் வவுனியாப் பக்கம் போய்க் குடியேறிய நம் சொந்தக்காரர்களுக்குக் காட்டுத் தேன் தெரியும். ஆனால் ராணித் தேனீ வெளியே பறந்து, பல ஆண்களோடு ஆகாயத்தில் சேரும். சொந்தச் சகோதரனோடு சேர்ந்தால் முட்டைகளில் ஒரு பங்கு பழுதாகும். அந்தப் புழுக்களை வேலைக்காரத் தேனீக்களே தின்றுவிடும். வண்டுக்கு அந்தப் பயம் பெரிதாக இல்லை. ஆணுக்குத் தாய் வழிச் சொத்து மட்டும்தான். அதில் கெட்ட குணம் இருந்தால் மறைய இடமில்லாமல், அந்த ஆணோடேயே அழிந்து போகும். தலைமுறை தலைமுறையாக இப்படிக் கழிந்ததில் மிஞ்சியது திடமான வம்சம்.

நமக்கு வில்லங்கமும் இதில்தான். துளையை விட்டுப் பறக்கும் பெண் ஏற்கெனவே கருவோடு போகிறது. அடுத்த மலையில் ஒரே ஒரு பெண் இறங்கினாலும் புதுக் குடும்பம் தொடங்கும். சில அந்துப்பூச்சிகளைப் போல, பெண்ணின் வாசனை காட்டி ஆணைப் பொறியில் பிடிக்கவும் வழியில்லை; ஆண்தான் வெளியே வருவதே இல்லையே. உள்ளே ஒளிந்திருப்பதால் தெளிக்கிற மருந்தும் லேசில் எட்டாது. அதனால் கிளையில் புதுத் துளையோ, துளை வாயில் மரத்தூளோ கண்டால், கிளை முறியும்வரை காத்திராமல் அன்றைக்கே கங்காணியிடம் காட்டிவிடுங்கள்.